இங்கன விக்கிற மாடல்

கார் வைத்திருக்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். கார் இல்லாதவர்களையும் தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கூட்டம்தான். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சரியாக எச்சரித்து வைக்காததால், அது நம் நடுவில் குடையும் கையுமாக மிகத் தைரியமாக நடமாடிக்கொண்டிருக்கிறது. நான் அதற்கு ‘வேற மாடல்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் சொல்லட்டுமா? நீங்கள் பல வருஷம் ஆசைப்பட்டு ஒரு கார் வாங்குகிறீர்கள். கோயில் வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் பூசி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து மூடும்போது வருகிற அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்பதற்காகவே இன்னொரு முறை திறந்து மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது அவர் வருவார். காரின் முகத்தைப் பார்க்க மாட்டார். நேராகப் பின்பக்கம் போவார். குனிவார். இரண்டு விரலால் தட்டுவார். பிறகு நிமிர்ந்து, “நல்லாத்தான் இருக்கு” என்பார்.

இந்த ‘தான்’ இருக்கிறதே, அது ஒரு சின்ன ஊசி. குத்துவது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் காற்று இறங்கும்.

“ஆனா, இது இங்கன விக்கிற மாடல்.”

முடிந்தது. காலையில் உங்களிடம் இருந்தது கார். இப்போது இருப்பது இங்கன விக்கிற மாடல்.

இந்த இனத்தின் உத்தமமான பிரதிநிதி ஒருவரோடு பத்தொன்பது வருஷம் தென்காசித் தபாலாபீசில் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்திருக்கிறேன். நான் தந்திக் கவுண்டர். அவர் கடிதம் பிரிக்கிற பகுதி. பெயர் குற்றாலநாதன். ஒல்லியான உடம்பு, தோளில் எப்போதும் ஒரு குடை, சட்டைப் பையில் நாலாக மடித்த வழவழப்பான வெளிநாட்டுக் காகிதம். சொந்தமாக இருந்த வாகனம் ஒரு சைக்கிள். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அது இங்கே விற்கிற மாடல்.

எழுபதுகளின் தொடக்கத்திலேயே அவர் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்திருந்தார். உலகத்தில் எந்தக் கார்க் கம்பெனிக்கு எழுதினாலும் இலவசமாகக் கேட்டலாக் அனுப்புவார்கள். ஆகவே அவர் எழுதினார். ‘ஐயா, நான் தென்னிந்தியாவில் வசிக்கும் ஒரு கனவான். தங்கள் கார் ஒன்றை வாங்கும் உத்தேசம் உள்ளவன். விவரங்கள் அனுப்புக.’ ஜப்பானிலிருந்து வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்தது. இத்தாலியிலிருந்து வந்த புத்தகத்தில் ஒரு பெண் காரின் மேல் சாய்ந்திருந்தாள். அந்தப் பக்கத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வடக்கே பனி பெய்கிற தேசத்துக் கம்பெனி ஒன்று, இந்தக் கனவானை முழுசாக நம்பி, ‘முடிவு செய்துவிட்டீர்களா?’ என்று வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி விசாரித்துக்கொண்டிருந்தது. அவரும் தவறாமல் பதில் போடுவார்: ‘இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.’

வீட்டில் எப்படி என்று கேட்கிறீர்களா? அவர் வீட்டில் மிக்ஸி கிடையாது. இங்கே விற்கிற மிக்ஸிக்கு இரண்டு வேகம்தான், ஜெர்மன்காரன் வீட்டில் ஐந்து வேகம், அது வரட்டும் என்று அவர் சொல்லிப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அவர் மனைவி விஜயம் பதினொரு வருஷமாக அம்மியில் ஒரே வேகத்தில் அரைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் மனைவியிடம் அந்த அம்மாள் சொன்னாராம்: “எங்க வீட்டுக்காரரு என்னையவே இன்னும் பரிசீலனையிலதான் வச்சிருக்காரு.”

நாதனுக்கு எல்லா நாடுகளும் அந்தந்த நாட்டுக் காரின் பின்பக்கம்தான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்குத் தெரிந்த காருக்கு முன்னால் என்ஜின், நடுவில் ஆட்கள், பின்னால் தனியாகத் துருத்திக்கொண்டு ஒரு டிக்கி. இதை நாதன் ‘வால் உள்ள வண்டி’ என்பார். இன்னொரு வகை, பின் சீட்டோடு யாரோ அரிவாளால் வெட்டிவிட்டது மாதிரி முடிந்துவிடும். பின் கண்ணாடியைத் தூக்கினால் அதுதான் கதவு. அது ‘வால் இல்லாத வண்டி’. ஒரே கம்பெனி, ஒரே காரை, ஒரு நாட்டில் வாலோடும் பக்கத்து நாட்டில் வால் இல்லாமலும் விற்கிறது என்பதுதான் நாதனுடைய வேதாந்தம்.

“எதுக்கு நாதன், ரெண்டு நாட்டுக்காரனும் மனுசன்தானே?” என்று ஒரு முறை நான் கேட்டேன்.

“அங்கனதான் விசயமே இருக்கு” என்றார். “பிரெஞ்சுக்காரன் சின்னத் தெருவுல குடியிருக்கான், அவனுக்கு வால் வேண்டாம். துருக்கிக்காரன் பாரு, வால் இல்லாட்டி பொண்ணு குடுக்க மாட்டான். ஜெர்மன்காரன் புத்திசாலி. ஒரே வண்டிக்கு வால ஒட்டி வேற பேரு வச்சிருதான்.”

இதையெல்லாம் நேரில் சரிபார்க்க அவருக்குக் குற்றாலத்தில் ஒரே ஒரு ஆய்வுக்கூடம் இருந்தது. ஐந்தருவி. ஆனி, ஆடி மாதங்களில் சாரல் விழுந்து அருவி பெருகினால், மலையாளத்துக் கார்களும் மெட்ராஸ் கார்களும், எப்போதாவது துபாய்க்காரர் ஒருவர் கப்பலில் இறக்கிய வெளிநாட்டுக் காரும் அங்கே வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாதன் போய்விடுவார். ஊர் உலகமெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் தலையைக் கொடுக்க இடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். இவர் கார் நிற்கிற இடத்தில் குடையோடு பின்பக்கம் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருப்பார். பதினைந்து சீசன் ஐந்தருவிக்குப் போய், ஒரு சீசனில்கூடத் தலை நனையாமல் திரும்பிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

சரி, இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 1985 ஆடி மாதம் வரைக்கும்.

சுந்தரபாண்டியபுரத்தில் சங்கிலிப்பாண்டி என்று ஒருவர். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று, வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. அந்தப் புதுக் குட்டிக் கார் வரப்போகிறது என்று நாடே பெயர் கொடுத்த நாளில், அவரும் தன் மனைவி ஆவுடைத்தாய் பெயரில் பதிந்து வைத்திருந்தார். இரண்டு வருஷம் கழித்து மதுரை டீலரிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் முறை வந்துவிட்டது. பதினைந்து நாளைக்குள் சம்மதம் தெரிவிக்கவும். தவறினால் வண்டி அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். சந்தோஷத்தை யாரிடமாவது காட்ட வேண்டும் என்றால் மனிதன் சரியாகத் தப்பான ஆளிடம்தான் போய்க் காட்டுகிறான்.

நாதன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மடித்தார். “நல்லதுதான் அண்ணாச்சி” என்றார்.

வந்துவிட்டது. அந்த ‘தான்’.

“என்னவே இழுக்கேரு?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“ஒண்ணுமில்ல. இது வால் இல்லாத வண்டி.”

“இருந்துட்டுப் போவுது.”

“அண்ணாச்சி, உங்களுக்குன்னு ஒரு கவுரவம் இருக்கு. ஜப்பான்ல இந்த சைஸ் வண்டிய காய்கறிக் கடைக்குப் போறதுக்கு வச்சிருக்கான். எந்த நாட்டுலயும் மொதல்ல வால் இல்லாததத்தான் எறக்குவான். ஜனங்க அத வாங்கித் தீத்ததும், பின்னாலயே வால் வச்சத எறக்குவான். மொதல்ல வாங்குனவன் தலையில துண்டு. இங்கிலீஷ்காரன் வால் வண்டிக்குப் பேரே சலூன்னு வச்சிருக்கான். அமெரிக்காக்காரன் செடான்ங்கான். பின்னால இருக்குத டிக்கிய இவன் பூட்டுங்கான், அவன் டிரங்குங்கான்.”

சங்கிலிப்பாண்டி தன் காலைப் பார்த்துக்கொண்டார். “பூட்ஸு நான் முப்பது வருசம் போட்டாச்சு வே. டிரங்குப் பெட்டி வீட்டுல ரெண்டு கெடக்கு.”

“கேலி இருக்கட்டும். பொறுத்ததுதான் பொறுத்திய, இன்னும் ஆறே மாசம் பொறுங்க. இப்ப எடுக்காதிய.”

முப்பது வருஷம் திருடர்கள் சொன்ன எதையும் நம்பாத மனிதர், ஒரு வழவழப்பான காகிதத்தைப் பார்த்ததும் நம்பிவிட்டார். நாதன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய படத்தில் ஒரு கார், நீளமான வாலோடு, ஏதோ ஒரு ஏரிக்கரையில் நின்றது. அதைப் பார்த்த பிறகு சங்கிலிப்பாண்டியின் கடிதத்தில் இருந்த கார் சட்டென்று குட்டையாகிப் போனது. ‘எங்களுக்கு இந்த வண்டி தற்போது தேவையில்லை’ என்று நாதனையே அழகான இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் கையெழுத்துப் போட வேண்டியது ஆவுடைத்தாய் அல்லவா? பதிவு அவர் பெயரில் இருந்தது.

அவர் போடவில்லை.

ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பத்து நாள் போடவில்லை. சங்கிலிப்பாண்டி சத்தம் போட்டார். ஆவுடைத்தாய் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். சங்கிலிப்பாண்டி வால் உள்ள வண்டியின் பெருமையைச் சொன்னார். ஆவுடைத்தாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் அவர் நேரே பஸ் ஏறித் தென்காசிக்கு வந்து, தபாலாபீஸ் வாசலில் நின்று நாதனைக் கூப்பிட்டு அனுப்பினார். பின்னால் நானும் போனேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அங்கே வேலை இல்லை.

“தம்பி, அந்த வால் வண்டி எப்ப வரும்?” என்று கேட்டார் ஆவுடைத்தாய்.

“வந்திரும் மதினி.”

“எப்பன்னு கேட்டேன்.”

“ஆறு மாசம், மிஞ்சிப் போனா ஒரு வருசம்.”

“யாரு சொன்னா?”

நாதன் குடையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். “உலகம் பூராவும் அப்படித்தான் மதினி.”

“உலகம் இருக்கட்டும். எம்மக வள்ளித்தாய்க்கு இப்ப ஏழாம் மாசம். மாப்பிள பட்டாளத்துல இருக்காரு, வர முடியாது. பேறுகாலம் எங்க வீட்டுலதான். மூத்தவளுக்கு வலி எடுத்தது ஆடித்தபசு அன்னைக்கு. பஸ்ஸெல்லாம் திருவிழாவுக்குன்னு சங்கரன்கோவிலுக்கு ஓடிட்டு. டாக்ஸி ஒண்ணும் அம்புடல. மாட்டு வண்டியிலதான் கெடத்திக் கொண்டுவந்தோம். பாதி வழியில, ரோட்டுலயே புள்ள பொறந்துட்டு. ரெண்டு உசுரும் தங்குனது தெய்வம் செஞ்ச வேல. நான் அந்த மாட்டு வண்டியில குத்த வச்சு இருந்தப்பதான் நெனச்சேன், அடுத்தவளுக்கு நாம ஒரு காரு வச்சிருக்கணும்னு. அதுக்கு வால் இருக்கணும்னு நான் நெனைக்கல.”

சங்கிலிப்பாண்டி நாதனிடம் இதைச் சொல்லியிருக்கவில்லை என்பது நாதன் முகத்தில் தெரிந்தது. ஆனால் வேற மாடல்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வாய் மூட வேண்டிய இடத்தில் அவர்களுக்கு ஒரு தேசம் ஞாபகம் வந்துவிடும்.

“இப்ப இத்தாலியில எடுத்துக்கிட்டிங்கன்னா...” என்று ஆரம்பித்தார்.

“இத்தாலி வேண்டாம். கண்ணால பாத்துருவோம்” என்றார் ஆவுடைத்தாய். “செங்கோட்டையில மர மில்லு வச்சிருக்காருல்லா சேக் மைதீன், அவரு இதே வண்டிய எடுத்துருக்காராம். ஞாயித்துக்கெழம ஐந்தருவிக்குக் கொண்டு வரச் சொல்லிருக்கேன். நீங்களும் வாங்க. அங்கன வச்சு, வேண்டாம்னு நீங்க சொல்லிட்டா நான் கையெழுத்துப் போட்டுருதேன்.”

ஞாயிற்றுக்கிழமை பதினான்காம் நாள். ஒரு நாள் மிச்சம்.

அன்றைக்குச் சாரல் அருமையாக விழுந்துகொண்டிருந்தது. ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. சேக் மைதீனின் வெள்ளைக் குட்டிக் கார், இரண்டு டூரிஸ்ட் பஸ்களுக்கு நடுவில், பெரியவர்கள் பேசும்போது ஓரமாக நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது. சங்கிலிப்பாண்டி குடும்பம் வாடகைக் காரில் வந்து இறங்கியது. ஆவுடைத்தாய் சும்மா வரவில்லை. ஒரு வாழைத்தார், ஒரு செப்புப் பானை, ஜமுக்காளத்தில் கட்டிய படுக்கைச் சுருள், ஒரு பிளாஸ்க் நிறையக் காப்பி, கூடவே நிறைமாதத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வள்ளித்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னவெல்லாம் போகுமோ அதெல்லாம்.

சேக் மைதீன் பின் கண்ணாடியைத் தூக்கி, பின் சீட்டில் ஒரு பாதியைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் உள்ளே வைத்தார். போயிற்று. பானைகூடப் போயிற்று.

“போகும்” என்றார் நாதன். “போகாதுன்னு நான் சொல்லலியே. ஆனா வெளிய தெரியுது பாருங்க. வால் வண்டின்னா டிக்கிக்குள்ள வச்சு மூடிரலாம்.”

“எதுக்கு மூடணும்?” என்றார் ஆவுடைத்தாய். “வாழத்தாருக்கு என்ன வெக்கமா?”

வள்ளித்தாய் ஏறி உட்கார்ந்தாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். “நல்லாருக்கும்மா. கால ரொம்பத் தூக்க வேண்டியதில்ல” என்றாள். சங்கிலிப்பாண்டி மகள் முகத்தைப் பார்த்தார், நாதன் முகத்தைப் பார்த்தார், பிறகு எதற்கும் பொறுப்பில்லாதவர் போல அருவியைப் பார்த்தார்.

நிலைமை கைமீறிப் போவதை உணர்ந்த நாதன், தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “வெளிய நின்னு பாத்தா தெரியாது. உள்ள இருந்து பின்னால திரும்பிப் பாத்தாத்தான் வால் இல்லாத கொறை தெரியும். நான் காட்டுதேன்.” குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஒரு கம்பெனி முதலாளி மாதிரி கதவை இழுத்துச் சாத்தினார்.

சாரலுக்காகக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே அவர் பேசினார். எங்களுக்கு வாயசைவு மட்டும் தெரிந்தது. பின்னால் திரும்பினார். கையால் ஒரு வாலை வரைந்து காட்டினார். அந்த வாலைக் கத்தியால் வெட்டிக் காட்டினார். பிறகு எங்களைப் பார்த்து, புரிந்ததா என்று தலையை ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். இனி இறங்குவார் என்று ஒதுங்கி வழிவிட்டு நின்றோம்.

இறங்கவில்லை.

மறுபடி பேசினார். பிறகு ஜன்னல் பக்கம் எதையோ சுற்றினார். கண்ணாடி கீழே இறங்கியது. தலையை வெளியே நீட்டி, “பிரேசில்ல ரெண்டு மாதிரியும் விக்கான்!” என்றார். சாரல் அவர் தலையில் விழுந்தது. “தென்னாப்பிரிக்காவுல வால் உள்ளதுதான் ஓட்டம்!” என்றார். மூக்குக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. “ஸ்பெயின்ல...” உலகப் படத்தில் இருந்த நாடுகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டிருந்தன. மனிதர் இறங்குவதாக இல்லை. இது என்ன பிடிவாதம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அப்போதுதான் திறந்த ஜன்னல் வழியே, உள்ளே கீழே இருந்த அவருடைய இடது கையைப் பார்த்தேன். அது கதவின் உட்பக்கத்தை மேலும் கீழும் தடவிக்கொண்டிருந்தது. இருட்டில் தீப்பெட்டி தேடுகிற கை மாதிரி. ஒரு குமிழைத் திருகியது. ஒரு விளிம்பை இழுத்தது. பிறகு முதலிலிருந்து மறுபடி.

கதவை உள்ளேயிருந்து எப்படித் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பதினைந்து வருஷம் முப்பது நாட்டுக் கார்களைப் படித்தவர். எந்தக் கேட்டலாக்கிலும் அந்தப் படம் போட்டிருக்கவில்லை. கார் வாங்குகிறவனுக்கு அது எதற்கு?

சேக் மைதீனும் பார்த்துவிட்டார். “அண்ணாச்சி, அங்கன உள்ள...” என்று உதவ வாயைத் திறந்தார். ஆவுடைத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்தார். மர மில் முதலாளி வாயை மூடிக்கொண்டார். ஆவுடைத்தாய் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் போய், வெளியிலிருந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத குரலில், “எறங்குங்க தம்பி, காப்பி ஆறிப் போவுது” என்றார்.

நாதன் இறங்கினார். யாரையும் பார்க்கவில்லை. நான் குடையை நீட்டினேன், வாங்கினார், விரிக்கவில்லை.

சிப்ஸ் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்று காப்பி குடித்தோம். பாதி தம்ளர் குடிக்கிற வரைக்கும் நேந்திரங்காய் வறுக்கிற எண்ணெய்தான் பேசிக்கொண்டிருந்தது. பிறகு ஆவுடைத்தாய் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“நீங்க ஒரு காரு வாங்குததா இருந்தா எத வாங்குவிய தம்பி?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் முந்நூறு பதில்கள் வழவழப்பான காகிதத்தில் அச்சாகி வீட்டுப் பரணில் இருந்தன. அவர் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வாங்க மாட்டேன் மதினி” என்றார் கடைசியில்.

“ஏன்?”

“வாங்கிட்டா... அப்புறம் அது ஒண்ணுதானே. மத்ததெல்லாம் போயிருமே.”

ஆவுடைத்தாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கேலியாகப் பார்க்கவில்லை. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை. பிறகு வள்ளித்தாய் பக்கம் திரும்பி, அவள் தோளில் விழுந்திருந்த தூறலைத் துடைத்துவிட்டார்.

“எனக்கு ஒண்ணு போதும் தம்பி” என்றார்.

சங்கிலிப்பாண்டி தொண்டையைச் செருமினார். “நானும் மொதல்லயே அதத்தான சொன்னேன்” என்றார். போலீசில் முப்பது வருஷம் இருந்தவர். சாட்சி மாற்றிச் சொல்வது எப்படி என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை. பதினைந்தாம் நாள். கடிதம் போட்டால் போய்ச் சேராது. தந்திதான் கொடுக்க வேண்டும். காலையில் ஆபீஸ் திறந்ததும் என் கவுண்டரின் முன்னால் ஒரு தந்திப் படிவம் வந்தது. எழுத்து நாதனுடையது. கீழே ஆவுடைத்தாயின் கையெழுத்து. சுந்தரபாண்டியபுரத்துக்கு விடியற்காலை முதல் பஸ்ஸில் போய், அவரே வாங்கி வந்திருந்தார்.

“நீங்களா போனிய?” என்று கேட்டேன்.

“சொல்லிக் கெடுத்தது நான்தானே” என்றார். “சீக்கிரம் அனுப்பும்.”

எனக்கு மனசு இளகிவிட்டது. மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டே படிவத்தைப் படித்தேன். வண்டியை எடுத்துக்கொள்கிறோம், இந்த வாரமே வருகிறோம் என்று தெளிவாக எழுதியிருந்தார். பெயர், பதிவு எண் எல்லாம் சரி. கையெழுத்துக்கும் செய்திக்கும் நடுவில் கிடைத்த சின்ன இடத்தில், கொஞ்சம் பொடியான எழுத்தில், இன்னொரு வரி இருந்தது.

‘வால் உள்ள மாடல் எப்போது வரும் என்பதையும் அன்புகூர்ந்து தெரிவிக்கவும்.’

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தேன். அவர் பார்த்தார். தன் இடத்துக்குப் போய்க் கடிதம் பிரிக்க ஆரம்பித்தார். உத்தியோகத்தில் நான் செய்த ஒரே சட்டமீறல் அது. அதற்காக இன்றைக்கும் வருத்தமில்லை.

வண்டி வந்தது. மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம் நடந்தது. நாதனும் போயிருந்தார். நேராகப் பின்பக்கம் போனார், குனிந்தார், இரண்டு விரலை நீட்டினார்; தட்டவில்லை, தடவிக் கொடுத்தார். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள், விடாத மழையில், பகல் பதினொரு மணிக்கு வள்ளித்தாய்க்கு வலி எடுத்தது. ஆய்க்குடி சாலையில் முறிந்து விழுந்த மரத்துக்கும் எதிரே நின்ற லாரிக்கும் நடுவில் கிடைத்த சந்தில் சங்கிலிப்பாண்டி அந்த வண்டியை நுழைத்துக் கொண்டுவந்தாராம். “வால் இருந்திருந்தா மாட்டிருக்கும்” என்று அவரே ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். இருந்திருந்தாலும் போயிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அகலத்துக்கும் வாலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஒரு தாத்தாவிடம் இதையெல்லாம் போய்ச் சொல்ல முடியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டரம்மா கையில், ஒரு பெண் குழந்தை ஒழுங்காகப் பிறந்தது.

மூன்றாம் நாள் நானும் நாதனும் விஜயம் அம்மாளும் பார்க்கப் போனோம். ஆவுடைத்தாய் பிள்ளையைத் தூக்கி நாதனிடம் காட்டினார். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஒரு விரலால் பிள்ளையின் உள்ளங்கையைத் தொட்டார். பிள்ளை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. அறையில் இருந்த எல்லாருக்கும் மனசு நிறைந்திருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றார் நாதன். “அப்பா வழியில இதே மூக்கு இன்னும் கொஞ்சம் நீளமா வரும்.”

விஜயம் அம்மாள் அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

இத்தனை நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். உங்களுக்கும் இந்த மாதிரி ஒருவரைத் தெரிந்திருக்கும், சிரித்திருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போது, ‘நல்லாத்தான் எழுதியிருக்கிறான், ஆனால் இந்த ஆள் என்ன ஆள்? எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு முன்னால் இவரெல்லாம்...’ என்று எங்கேயாவது ஓர் இடத்தில் உங்களுக்குத் தோன்றியதா இல்லையா?

தோன்றியிருந்தால், ஐயா, கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.